குஷிங் மூளை ஆபரேஷனில் உண்மையில் எதை மாற்றினார்?

மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “குஷிங் சிண்ட்ரோம், குஷிங் ரிஃப்ளெக்ஸ், குஷிங் அல்சர் என்று ஒரே பெயர் மூன்று பாடத்தில் வருகிறது. இவர் வந்த பிறகுதான் மூளை ஆபரேஷனில் சாவு 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது என்கிறார்கள். அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?” (அல்சர் என்பது மண்டைக்குள் அழுத்தம் கூடும்போது வயிற்றில் வரும் புண்; மற்ற இரண்டும் கீழே வரும்.) கேள்வி கண்டுபிடிப்பைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. மற்ற சர்ஜன்களிடம் செத்த நோயாளிகள் இவரிடம் ஏன் பிழைத்தார்கள்? ‘இதோ இதைக் கண்டுபிடித்தார்’ என்று ஒன்றைக் காட்டினால் பதில் பொய்யாகிவிடும். பெரும்பாலான கருவிகளும் யோசனைகளும் அவருக்கு முன்பே இருந்தன. அவர் செய்தது மூன்று வேலைகள்: ரத்தத்தை நிறுத்தினார், அழுத்தத்தை அளந்தார், செத்தவர்களை ஒளிக்காமல் எண்ணினார்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்வி குஷிங் 1869 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தலைமுறை தலைமுறையாக வைத்தியக் குடும்பம். யேலில் பட்டம், 1895இல் ஹார்வர்டில் மருத்துவம், 1896 முதல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெடிடம் பயிற்சி. 1900–01இல் ஐரோப்பா. திரும்பிவந்து 1912 வரை ஹாப்கின்ஸ், அதன்பின் 1932 வரை பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை. கடைசிக் காலம் யேலில். 1939 அக்டோபர் 7 அன்று மாரடைப்பில் இறந்தார்.

அவருக்கு முன் நிலைமை என்ன? 1879இல் கிளாஸ்கோவில் மக்ஈவனும், 1884இல் லண்டனில் ரிக்மன் காட்லியும் மூளைக் கட்டியை அறுத்து எடுத்தாயிற்று. காட்லியின் நோயாளி ஆபரேஷனைத் தாங்கினார், ஆனால் ஒரு மாதத்துக்குள் மூளைக்காய்ச்சலில் இறந்தார். விக்டர் ஹார்ஸ்லி 1887இல் தண்டுவடக் கட்டியை எடுத்தார். எலும்பிலிருந்து வரும் கசிவை அடைக்க இன்றும் தேய்க்கிற மெழுகு அவர் கொடுத்ததுதான். ஆக, ‘முதன்முதலில் மண்டையைத் திறந்தவர் குஷிங்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திறக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். திறந்த பிறகு ஆளை மேசையிலிருந்து உயிரோடு இறக்கி, பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்புவதுதான் வரவில்லை. சீழ் பிடிப்பதை, கிருமிநாசினி கொண்டு கிருமியைக் கொல்லும் லிஸ்டர் வழிமுறை ஓரளவு அடக்கியிருந்தது. மிச்சமிருந்த எமன்கள் இரண்டு: ரத்தப்போக்கு, மூளை வீக்கம்.

குஷிங்கின் கதை அறுவையில் தொடங்கவில்லை, மயக்க மருந்தில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் ஈதர் கொடுப்பது மாணவர்கள் வேலை. குஷிங் மாணவராக ஈதர் கொடுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு நோயாளி இறந்துபோனார். அது அவரை உலுக்கிவிட்டது. பிறகு அவரும் கூடப் படித்த ஏமரி காட்மனும் 1894–95இல் ஒரு பழக்கம் கொண்டுவந்தார்கள்: மயக்கத்தில் இருக்கும் ஆளின் நாடியையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணிக் கட்டம் போட்ட தாளில் குறிப்பது. இன்று எந்த தியேட்டரிலும் மயக்க மருந்து டாக்டர் கையில் இருக்கும் சார்ட்டின் மூதாதை அந்தத் தாள்தான். 1901இல் இத்தாலியின் பவியா மருத்துவமனையில் ரிவா-ரோச்சியின் பி.பி. கருவியைப் பார்த்தார். புஜத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை, ஒரு பாதரசக் குழாய், அவ்வளவுதான். அதன் மாதிரியை பால்டிமோருக்குக் கொண்டுவந்து, ஆபரேஷன் நடக்கும்போதே ரத்த அழுத்தத்தையும் சார்ட்டில் ஏற்றினார். கொரோட்கோவ் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னது 1905இல்தான். அதுவரை மணிக்கட்டில் நாடி மறையும் புள்ளியை விரலால் பார்த்து மேல் அளவை மட்டும் எடுத்தார்கள். ரிவா-ரோச்சியின் பட்டை குறுகலானது, அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அந்தக் குறைகளோடும் ஒன்று கிடைத்தது: எப்போது நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை. ஹார்வர்டில் இதை ஆராய்ந்த குழு, பழகிய விரல் இந்தக் கருவியைவிட மேல் என்று 1904இல் கைவிரித்தது. குஷிங் விடவில்லை.

குஷிங் ரிஃப்ளெக்ஸ் இதே ஐரோப்பியப் பயணத்தில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சர்ஜன் கோகர், உடலியல் ஆய்வாளர் குரோனெக்கர் ஆகியோரின் கூடத்தில் நாயின் மண்டையில் கண்ணாடிச் சன்னல் பொருத்தி, உள்ளே உப்புநீரை அழுத்தத்தோடு செலுத்திப் பார்த்தார். மண்டைக்குள் அழுத்தம் ரத்த அழுத்தத்தை எட்டிப் பிடித்ததும், சன்னலில் தெரியும் மூளை வெளுக்கிறது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் நடத்துகிற மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு ரத்தம் போகவில்லை. உடனே உடம்பு ரத்த அழுத்தத்தைத் தூக்குகிறது; மூளை மறுபடி சிவக்கிறது. அழுத்தத்தை இன்னும் ஏற்றினால் ரத்த அழுத்தமும் துரத்திக்கொண்டு ஏறுகிறது. ஒரு கட்டத்தில் முடியாமல் சரிகிறது. நாடி மெதுவாவதும் மூச்சு தாறுமாறாவதும் கூடவே நடப்பவை. ஜெர்மன் ஆய்வாளர்கள் நௌனினும் ஷ்ரைபரும் இதை 1881இலேயே பார்த்து எழுதிவிட்டார்கள், ஆகவே பெயர் முழுக்க நியாயமானது என்று சொல்ல மாட்டேன். குஷிங் அதை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்தார். தலையில் அடிபட்டவருக்கு பி.பி. ஏறிக்கொண்டே போய் நாடி இறங்கினால், அது உடம்பு தேறுவதன் அடையாளம் இல்லை, மண்டைக்குள் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தேர்வுக்குப் படிக்கிற நீங்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இது கடைசி நேர அறிகுறி. பி.பி., நாடி, மூச்சு மூன்றிலும் மாற்றம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

இனி ரத்தப்போக்கு. இதுதான் அவருடைய வேலையின் மையம், அதனால் அடுக்கடுக்காகப் பார்ப்போம். உச்சந்தலைத் தோல் மிகுதியாக ரத்தம் கசியும் இடம். அங்கே ரத்தக் குழாய்கள் கெட்டியான நார்த்திசுவில் ஒட்டிக்கொண்டிருப்பதால், வெட்டினால் சுருங்கி மூடாது, வாய் பிளந்தே இருக்கும். முதலில் தலையைச் சுற்றி இறுக்கும் பட்டையைப் பயன்படுத்தினார். 1904இல் காற்றடைத்து அழுத்தத்தை அளக்கக்கூடிய பட்டையைக் கொண்டுவந்தார். பி.பி. கருவியின் பட்டை கொடுத்த யோசனை அது. தோலை வெட்டும்போது உதவியாளரின் விரல்கள் இரு பக்கமும் எலும்போடு அழுத்திப் பிடித்திருக்கும். தோலுக்கு அடியில் உள்ள கேலியா என்ற படலத்தின் விளிம்பில் சிறு ஃபோர்செப்ஸ்களை வரிசையாகக் கவ்வவிட்டு, அவற்றை வெளிப்பக்கம் கவிழ்த்தால் படலம் இழுபட்டுக் குழாய்களின் வாயை நெரிக்கும். எலும்பில் துளைகள் போட்டு, துளைக்குத் துளை கம்பி ரம்பத்தால் அறுத்து, பலகைக் கதவு போலத் திறப்பார். கசிவுக்கு ஹார்ஸ்லியின் மெழுகு. மூளையைத் தொட்ட பிறகு ஃபோர்செப்ஸால் பிடித்து நூல் கட்டுவது நடக்காது. குழாய் மெல்லியது, இழுத்தால் வேரோடு கிழியும். அங்கே நூல்வால் கட்டிய ஈரப்பஞ்சுத் துண்டை வைத்து, பொறுமையாக அழுத்திக் காத்திருக்க வேண்டும். வால் எதற்கு என்றால், ரத்தத்தில் ஊறிய பஞ்சு மூளையின் நிறத்தோடு கலந்துவிடும், உள்ளேயே விட்டுவிட நேரும். பெரிய சிரைப் பாதை கிழிந்தால், நோயாளியின் தசையிலிருந்தே ஒரு துணுக்கை நறுக்கி ஒட்டவைத்து அழுத்துவார். இதுவும் ஹார்ஸ்லி காட்டிய வழி.

பஞ்சும் தசையும் போதாத இடத்துக்கு அவர் 1911இல் எழுதி வெளியிட்டது வெள்ளி கிளிப். மெல்லிய வெள்ளிக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, ஒரு ஃபோர்செப்ஸ் நுனியில் ஏற்றி, ஆழத்தில் உள்ள குழாயின் மேல் நெருக்கிவிடுவது. நூல் கட்ட இரண்டு கை நுழைய வேண்டும், கிளிப்புக்கு ஒரு நுனி நுழைந்தால் போதும். உபரி லாபமாக, எக்ஸ்ரேயில் வெள்ளி பளிச்சென்று தெரியும், கட்டி இருந்த இடத்துக்கு அடையாளமாகவும் நிற்கும். மூளை ரத்தக் குழாய்ப் புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டு 1937இல் அதை அடைத்தவர் வால்ட்டர் டேண்டி. குஷிங்கிடம் வேலை கற்று, பிறகு ஜென்மப் பகையாளியாகிப்போனவர் அவர். பகையாளி கையில் இவருடைய கிளிப்.

மூடுவதிலும் அதே பிடிவாதம். கேலியாவை மெல்லிய பட்டு நூலால் தனி அடுக்காக நெருக்கமாகத் தைத்து, அதன் மேல் தோலைத் தைப்பார். இது ஹால்ஸ்டெடிடம் கற்ற கை: அவசரமில்லாத வெட்டு, திசுவை நசுக்காத பிடி, மெல்லிய பட்டு. கேலியாவைத் தைக்காமல் தோலை மட்டும் தைத்தால் என்ன ஆகும்? வீங்கிய மூளை காயத்தைத் தள்ளும், தையல் இளகும், தண்டுவட நீர் கசியும். நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். மூளைக்காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் சாவுதான். ஒரு தையல் அடுக்குக்கு அவ்வளவு மதிப்பு.

சார்ட்டும் ரத்தப்போக்கும் சேரும் இடம் இது. பி.பி. இறங்குகிறது, ரத்தம் ஏற்றும் வசதி சரியாக இல்லை. அப்போது குஷிங் கட்டியை விட்டுவிட்டு மூடிவிடுவார், நாட்கள் கழித்து மறுபடி திறப்பார். அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி லெனர்ட் வுட்டின் மூளைப் படலக் கட்டியை 1910இல் இப்படித்தான் இரண்டு தவணையாக எடுத்தார். வுட் பணிக்குத் திரும்பி, பிலிப்பைன்ஸ் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். கட்டி மறுபடி வளர்ந்து, 1927இல் குஷிங்கே செய்த ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தார். வேகமே சாமர்த்தியம் என்று கருதப்பட்ட காலத்தில், ‘இன்று போதும்’ என்று நிறுத்துகிற சர்ஜன் அபூர்வம்.

1926இல் வந்தது மின்சாரம். வில்லியம் போவி என்ற இயற்பியலாளர் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் திசுவை வெட்டவும் சுடவும் ஒரு கருவி செய்திருந்தார். ஒருவகை அலை திசுவைப் பிளக்கும், இன்னொருவகை ரத்தத்தை உறையவைக்கும். மண்டையில் ரத்தம் கொட்டும் கட்டி ஒன்றைத் தொட முடியாமல் பாதியில் நிறுத்திய குஷிங், சில நாள் கழித்து அக்டோபர் 1 அன்று போவியைக் கருவியோடு வரவழைத்து அதே கட்டியைத் துண்டு துண்டாக எடுத்து முடித்தார். அதன்பிறகு, முன்பு கை வைக்க முடியாது என்று அனுப்பிவிட்ட நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார். புதுக் கருவி தொல்லையில்லாமல் வரவில்லை. ஈதர் ஆவி இருக்கும் இடத்தில் மின்பொறி பறந்தால் தீப்பிடிக்கும். உலோகக் கருவி வழியே மின்சாரம் சர்ஜன் கைக்கே ஏறும். இன்று நாம் ‘காட்டரி’ என்று சொல்லும் பெட்டியின் ஆரம்பம் இது. போவி அதைக் குஷிங்குக்காகச் செய்யவில்லை, முதலில் கண்டுபிடித்தவரும் இல்லை. ஆனால் குஷிங் கையில் பட்ட பிறகுதான் சர்ஜன்கள் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது அந்த 90க்கு 10 கணக்கு. கடைசி ஆண்டுகளில் அவருடைய சாவு விகிதம் பத்தில் ஒன்றை ஒட்டி இருந்தது என்பது உறுதி. ‘முன்பு 90’ என்பதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பழைய சர்ஜன்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணினார்கள். ஒருவர் மேசையிலேயே போனதை மட்டும் சாவு என்பார். இன்னொருவர் கட்டியே காணாமல் எலும்பை மட்டும் திறந்துவிட்டதையும் மூளைக் கட்டி ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பார். குஷிங்கின் சொந்த ஆரம்ப முயற்சிகளும் பரிதாபமாகவே முடிந்தன. அவர் பின்னாளில் கணக்குக்குப் போட்ட விதிதான் பெரிது. நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்த கட்டி மட்டுமே கணக்கில் வரும். ஆபரேஷனுக்குப் பின் மருத்துவமனையில் எதனால் இறந்தாலும் அது ஆபரேஷன் சாவு. ‘நோயாளிக்கு இத்தனை’, ‘ஆபரேஷனுக்கு இத்தனை’ என்று இரண்டு விகிதமும் தனித்தனி. ஒருவருக்கு மூன்று முறை ஆபரேஷன் செய்து மூன்றாவதில் இறந்தால், ஆபரேஷன் கணக்கில் சாவு மூன்றில் ஒன்று, நோயாளி கணக்கில் ஒன்றுக்கு ஒன்று. எந்த மருத்துவமனையின் விளம்பரத்தைப் படித்தாலும் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள். 1931 ஏப்ரல் 15 அன்று உறுதிசெய்யப்பட்ட கட்டிகளில் 2,000ஆவதை ஆபரேஷன் செய்தார். இந்தக் கணக்கேட்டின் உயிர்நாடி லூயிஸ் ஐசன்ஹார்ட். குஷிங்கின் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, பிறகு மருத்துவம் படித்து, நரம்பு நோய்க்குறியியலில் பெரிய கையானவர். 313 நோயாளிகளைப் பற்றிய ‘மெனிஞ்சியோமாஸ்’ நூல் 1938இல் இருவர் பெயரிலும் வந்தது. மூளைப் படலக் கட்டியைக் குறிக்கும் மெனிஞ்சியோமா என்ற சொல்லே 1922இல் குஷிங் வைத்ததுதான்.

எண்ணுகிற பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு முதல் உலகப் போர் நல்ல சாட்சி. 1917இல் பெல்ஜியத்தின் இப்ர் போர்முனைக்குப் பின்னால் தலைக்காயங்களை ஆபரேஷன் செய்தார். மூளை உறை கிழிந்த காயங்களில் முதல் மாதம் சாவு 54.5 சதவீதம், மூன்றாவது மாதம் 28.8. மாற்றியது இவ்வளவுதான்: நொறுங்கிய எலும்பைப் பிய்த்தெடுக்காமல் சுற்றிலும் அறுத்து ஒரே துண்டாக எடுத்தது, காயத் தடத்துக்குள் விரலை விடாமல் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, நைந்த மூளையை உறிஞ்சிக்கொண்டே எலும்புத் துணுக்கு எங்கே முட்டுகிறது என்று தேடியது, குண்டுச் சிதறலைக் காந்தமேற்றிய ஆணியால் இழுத்தது, கடைசியில் கேலியாவை இறுக்கித் தைத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் போல ஆனது. அடிபட்டவர்கள் வரிசையில் கிடக்கும்போது ஒருவருக்கே இவ்வளவு நேரமா என்ற எரிச்சல் மேலதிகாரிகளுக்கு இருந்தது. அதுவும் நியாயமான கேள்விதான். 1918இல் அவருக்கே கால்கள் பலமிழந்தன. இன்றைய கண்ணில் அது நரம்புகளைத் தாக்கும் கியாம்-பாரே நோய் போலத் தெரிகிறது, ஆனால் பின்னோக்கிச் சொல்லும் நோய்ப்பெயரை நிரூபிக்க வழியில்லை.

மூளையின் அடியில் தொங்கும் சிறு சுரப்பியான பிட்யூட்டரிக்கு வருவோம். 1910 முதல் 1925 வரை 231 பிட்யூட்டரிக் கட்டிகளை மேலுதட்டுக்கு அடியில் வெட்டி, மூக்குத் தடுப்புச் சுவரின் சவ்வை உரித்து, மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு எலும்பின் குழிவு வழியே போய் எடுத்தார். சாவு 5.6 சதவீதம். அந்தக் காலத்துக்கு அது வியக்கத்தக்க எண். பிறகு அந்த வழியைத் தானே கைவிட்டு மண்டை வழிக்கு மாறினார். காரணம் புரிகிறது: நெற்றி விளக்கு ஒன்றை நம்பி, குறுகிய ஆழமான குழிக்குள் பார்க்க வேண்டும், மேலே பார்வை நரம்புவரை ஏறிய கட்டி கைக்கு எட்டாது, நீர் கசிந்தால் கிருமி உள்ள மூக்கு பக்கத்திலேயே இருக்கிறது. அவர் மாறியதும் பெரும்பாலோர் பின்னாலேயே போனார்கள். அவரிடம் பயின்ற எடின்பரோவின் நார்மன் டாட் மட்டும் பழைய வழியை விடாமல் வைத்திருந்தார். அவரிடமிருந்து பாரிஸின் கியோ, அவரிடமிருந்து மாண்ட்ரியாலின் ஹார்டி. நுண்ணோக்கியோடு அந்த வழி திரும்பி வந்து, இன்று பிட்யூட்டரிக்கு அதுவே முதல் வழி. குஷிங்கின் செல்வாக்கு ஒரு நல்ல பாதையைச் சில பத்தாண்டுகள் மூடிவைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

உதவியாளர்களிடம் அவர் கடுமையானவர். தியேட்டரில் அவமானப்பட்டவர்கள் பலர். நோயாளிகளிடம் மென்மை. இரண்டுக்கும் சான்றுகள் நிறைய. புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926இல் புலிட்சர் பரிசு வாங்கினார். நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. அவர் இறந்தபின் பரிசோதித்தபோது அவருடைய மூளையின் மூன்றாம் அறையிலேயே ஒரு சிறு கொலாய்டு கட்டி இருந்தது; அவருக்கு அது ஒரு தொல்லையும் தரவில்லை. நம் பக்கத்துக்கும் ஒரு கிளை உண்டு: இளம் வயதில் பிரிகாமில் குஷிங்கின் கீழ் வேலை பார்த்த பென்ஃபீல்டு பின்னாளில் மாண்ட்ரியாலில் நரம்பியல் நிலையம் தொடங்கினார், அங்கே பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார்.

கடைசியாக அந்த சிண்ட்ரோம். 1912இல் வெளியிட்ட பிட்யூட்டரி நூலில் மின்னி ஜி. என்ற 23 வயதுப் பெண்ணை விவரித்திருந்தார்: உடல் பருமன், முகத்தில் முடி, மாதவிடாய் நின்றது. 1932இல் இப்படிப்பட்ட பலரைச் சேர்த்து, காரணம் பிட்யூட்டரியில் பேசோஃபில் என்ற வகை செல்களிலிருந்து வரும் சிறு கட்டி என்றார். எல்லாருக்கும் அது பொருந்தவில்லை. மின்னியிடமே கட்டி இருந்ததாக நிரூபணம் கிடையாது. அதனால்தான் இன்று பிட்யூட்டரிக் கட்டியால் வந்தால் ‘குஷிங் டிசீஸ்’, அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் எந்த வழியில் மிகுந்தாலும் ‘குஷிங் சிண்ட்ரோம்’ என்று பிரிக்கிறார்கள். தேர்வில் இந்த இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போகும். வார்டில் நீங்கள் பார்க்கப்போகும் வட்ட முகங்களில் பெரும்பாலானவை கட்டியால் வந்திருக்காது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையால் வந்திருக்கும். அதைக் குஷிங் பார்க்கவே இல்லை. கார்டிசோன் மருந்தாக வந்தபோது அவர் இறந்து ஏறக்குறைய பத்து வருஷம் ஆகியிருந்தது.